ரோஸ் காகிதமும் கட்டுச்சோறும்

கர்ப்பமாக இருந்த பெரியநாயகிக்கு ஏழாம் மாதம் பிறந்த வாரத்தில், அவளுடைய மாமனார் சின்னுசாமி சேலம் ஜில்லா முழுக்கப் பேர் வாங்கிவிட்டார். நல்ல பேராக இருந்திருந்தால் வீட்டில் பாயசம் வைத்திருப்பார்கள். அன்றைக்கு அடுப்பைக்கூட நேரம் கழித்துத்தான் பற்றவைத்தார்கள்.

நாமக்கல்லில் பரமத்தி ரோட்டில் அவருக்கு லாரி புக்கிங் ஆபீஸ். முன்பக்கம் ஆபீஸ், பின்பக்கம் வீடு. ஆளுங்கட்சியில் ஒன்றியச் செயலாளர் பதவியும் உண்டு. அது எழுபத்தெட்டாம் வருஷம். நெருக்கடி நிலை முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தாலும், அந்த நாட்களில் உளவுப் போலீஸ்காரர்கள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று எழுதி அனுப்பி, ஆட்களை உள்ளே தள்ளியதை ஊர் மறக்கவில்லை. அதனால் தொகுதி எம்.எல்.ஏ. மேடைக்கு மேடை ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். உளவுப் போலீசைக் கண்காணிக்கச் சட்டசபை உறுப்பினர்கள் குழு ஒன்று வரும், அது பழைய ஃபைல்களைத் திறந்து பார்க்கும், அதற்காகத் தாமே பாடுபடப்போவதாகச் சொன்னார். ஒவ்வொரு ஊரிலும் கைதட்டல் வாங்கிக் கொடுத்த வாக்கு அது.

அந்த எம்.எல்.ஏ.வுக்குத்தான் சின்னுசாமி தம் கைப்பட ஒரு ரகசியக் குறிப்பு எழுதினார். குழு வரும் என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம். வந்தாலும் பழைய ஃபைலைத் தொடும் அதிகாரம் அதற்கு வேண்டாம். அதில் நம் ஆட்களின் பேரும் இருக்கிறது. நாளைக்கு நமக்கும் நாலு காது தேவைப்படும். இவ்வளவுதான் குறிப்பு. எழுதி, கவரில் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவரே நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

பத்தாம் நாள், ராசிபுரத்தில் எதிர்க்கட்சிக் கூட்டத்தில் அந்தக் குறிப்பை வரி விடாமல் வாசித்தார்கள்.

விடிந்து பார்த்தால் நாமக்கல் சுவர்களில் எல்லாம் நாலு காது வைத்த தலைகள். கரியால் வரைந்தது, காவியால் வரைந்தது, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நீலம் கரைத்து வரைந்தது. ஆபீஸ் சுவரில் வரைந்திருந்த தலைக்குச் சின்னுசாமியின் மீசையும் இருந்தது. டீக்கடையில் ஆளுங்கட்சிக்காரன் உட்கார்ந்த பெஞ்சில் எதிர்க்கட்சிக்காரன் உட்காரவில்லை. ஆளுங்கட்சிக்குள்ளேயே நிலைமை இன்னும் மோசம். 'நம் ஆட்கள்' என்று எழுதியிருக்கிறாரே, அது யார் யார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றியக் கமிட்டிக்குப் பதினேழு பேர் வரவேண்டிய இடத்தில் நாலு பேர் வந்தார்கள். ஒருவர், தாம் வாழ்நாளில் போலீஸ்காரரோடு பேசியதே இல்லை என்று ராஜினாமாக் கடிதம் அனுப்பினார். அவரை யாரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

இதெல்லாம் ஊர்ச் சண்டை. பெரியநாயகிக்கு வந்த சண்டை வேறு. ராசிபுரத்து மேடையில் பேசியவர், "இதைக் கொண்டுவந்து குடுத்த சிங்கம் மல்லசமுத்திரத்துல இருக்குது, பேரைச் சொல்ல மாட்டேன்" என்று முழங்கியிருந்தார். மறுநாள் மல்லசமுத்திரத்தில் சென்னியப்பனுக்கு மாலை போட்டார்கள். சென்னியப்பன் எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளர். பெரியநாயகியைப் பெற்றவர்.

அன்று சாயங்காலம் ஆபீசுக்கு வந்த கமிட்டி ஆள் ஒருவர், உள்ளே கேட்கட்டும் என்றே குரலை ஏற்றிப் பேசினார். "எதிர்க்கட்சிக்காரன் மவளைக் கொண்டாந்து ஊட்டுக்குள்ள வெச்சிருக்கறீங்க. நாம இங்க பேசறது பொழுதோட மல்லசமுத்திரம் போயிருது. எதுக்குங்க நமக்குத் தனியா உளவுப் போலீசு?"

சின்னுசாமி அவரை அடக்கவில்லை. மருமகளிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். அவள் மருமகளாக வந்து எட்டு மாதமாக, "ஒரு வாய் தண்ணி குடு சாமி" என்று கேட்ட மனிதர், அன்று இரவு, "தண்ணி" என்று மட்டும் சொன்னார். சாமி போய்விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு என்று குறித்திருந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு வந்து, மாப்பிள்ளை வீட்டில் உறவுக்கெல்லாம் விருந்து வைத்து, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துப் போகும் நாள். செவ்வாய்க்கிழமை காலையில் சின்னுசாமி கைகழுவிக்கொண்டே பொதுவாகச் சொன்னார். "ஞாயித்துக்கெழமெ யாரும் சோத்தைக் கட்டிக்கிட்டு இந்த ஊட்டுப் படி ஏறவேண்டாம். ஆஸ்பத்திரி நாமக்கல்லுலயும் இருக்குது."

மாமியார் ஆத்தாயி கரண்டியைக் கீழே வைத்தாள். "மொதப் பிரசவம். புள்ளை ஆத்தா ஊட்டுக்குப் போகாம இங்கயா பெத்துக்கும்? ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் என்ன பேசும்?"

"ஏற்கெனவே பேசிக்கிட்டுத்தான் இருக்குது" என்றார் அவர்.

பெரியநாயகியின் கணவன் வேலுசாமி ராசிபுரத்துக்கு லோடு இறக்கப் போய், அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று எல்லாவற்றையும் கேட்டவன். அன்று இரவு அவன் கைலியை உதறிக் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள். "ஏனுங்க, நீங்களும் என்னைத்தான் நெனைக்கறீங்களா?"

"உன்னையவா? கலியாணத்துக்கு முந்தி நான் பயந்து பயந்து ஒரே ஒரு கடுதாசி எழுதினேன். அதைக் கொண்டுபோய் உங்கம்மாகிட்டக் குடுத்து, எழுத்து புரியலை, படிச்சுச் சொல்லும்மான்னவ நீ. உனக்கு ரகசியம் வெக்கத் தெரியாதுன்னு நான் கோர்ட்டுலயே சொல்லுவேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

"ஒண்ணுதான் எனக்கு வெளங்கலை" என்றான் வேலுசாமி. "அப்பா வெள்ளைத் தாள்லதான் எழுதினேங்கறாரு. மேடையில தூக்கிக் காட்டினது ரோஸ் கலரு. எழுத்து அவரு எழுத்துத்தான். தாளு மட்டும் எப்படிக் கலர் மாறும்?"

பதில் மறுநாள் காலை பத்து மணிக்குக் கிடைத்தது.

அவள் காப்பி கொண்டு ஆபீசுக்குள் போனபோது, சின்னுசாமி எழுதுபலகையை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். பால்பாயிண்ட் பேனாவைக் கடப்பாரை மாதிரி அழுத்திப் பிடித்து எழுதுவது அவர் வழக்கம். எழுதி முடித்து வெள்ளைத் தாளை எடுத்து மடித்தவர், அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார். "உங்கப்பனுக்குத்தான். வரவேண்டாம்னு முறையா எழுதியிருக்குது. நாளைப்பின்ன தெரியலைன்னு சொல்லக்கூடாது பாரு."

அவள் டம்ளரை மேஜையில் வைத்தாள்.

அப்போது ஆபீஸ் கிளார்க் காத்தான் வந்தார். இருபது வருஷமாக அங்கே வேலை பார்ப்பவர். முதலாளி எழுதி முடித்த பலகையை எடுத்தார், கார்பன்களை உருவினார், கீழே இருந்த மூன்று தாள்களைப் பிரித்தார். மஞ்சளை டிரைவர் பெட்டியில் போட்டார். மெல்லிய தாளை ஆணியில் குத்தினார். ரோஸ் தாளை, கரூர் போகிற துணிப் பொதிகளுக்கான பில்லோடு சேர்த்துக் குண்டூசி குத்தினார்.

"அண்ணா, அது என்னங்க?" என்றாள் பெரியநாயகி.

"ரோஸுங்க அம்மிணி. சரக்கோட போற காப்பி. வெள்ளை அனுப்பற பார்ட்டிக்கு, ரோஸு எடுக்கற பார்ட்டிக்கு, மஞ்சளு டிரைவருக்கு, மெல்லிசுத் தாளு நமக்கு. இன்னைக்குக் கரூர் லோடு, அதனால கரூர்க்காரருக்கு."

"அதுல என்ன எழுதியிருக்குதுன்னு பாத்தீங்களா?"

காத்தான் கொஞ்சம் சங்கடப்பட்டார். "மொதலாளி எழுதறதை நான் படிக்கறதில்லைங்க. கலரைப் பாத்துப் பிரிக்கறதுதான் என்ற வேலை."

தினமும் காலையில் பலகையில் நாலு தாளும் மூன்று கார்பனும் அடுக்கிவைப்பது அவர்தான். மேல் தாள் முதலாளியுடையது, கீழே இருப்பவை காத்தானுடைய பாடு. இருபது வருஷமாக இப்படியே ஓடியதில், கீழே தாள் இருக்கிறது என்பதே சின்னுசாமிக்கு மறந்துபோயிருந்தது.

"போன வாரத்துக்கு முந்தின வாரம், மாமா எம்.எல்.ஏ.வைப் பாக்கப் போனாங்களே, அன்னைக்கு எந்த ஊரு லோடுங்க அண்ணா?"

காத்தான் நோட்டைப் புரட்டினார். "ராசிபுரம். நெய் மண்டிக்குக் காலி டின்னு."

நெய் மண்டிக்காரர் எதிர்க்கட்சியின் நகரப் பொருளாளர் என்பது மூன்று பேருக்கும் தெரியும். சின்னுசாமி எழுந்து வந்தார். கரூர் பில்லிலிருந்து குண்டூசியைப் பிடுங்கி ரோஸ் தாளைக் கையில் வாங்கினார். சம்பந்திக்கு எழுதிய 'வரவேண்டாம்' அதில் எழுத்துக்கு எழுத்து அழுத்தமாகப் பதிந்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால், யாரோ ஒரு கரூர்ப் போர்வை வியாபாரி தம்மைக் கட்டுச்சோற்றுக்கு வரவேண்டாம் என்று எதற்காகச் சொல்கிறார்கள் என்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்.

"காத்தா, நீ போய் டீக்குடிச்சுட்டு வா" என்றார் சின்னுசாமி.

காத்தான் போனபிறகு நாற்காலியில் உட்கார்ந்து, நாலு தாளையும் ஒன்றாகச் சேர்த்துக் கிழித்தார். கிழித்து முடித்தும் கைக்கு வேலை இல்லாததால் துண்டுகளை மறுபடி கிழித்தார்.

"இது வெளிய தெரிஞ்சா என்னையச் சிரிச்சே கொன்னுபோடுவாங்க சாமி."

சாமி திரும்பி வந்துவிட்டது. ஆனால் பெரியநாயகிக்கு அது போதவில்லை.

"நான் சொல்ல மாட்டேனுங்க மாமா. ஒண்ணு கேக்கறேன். ஃபைலைத் திறக்கவேண்டாம்னு எழுதினீங்களே, அதுல யாரு பேரு இருக்குதுங்க?"

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"என்ற பேருதான்."

சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை அவருக்கு. நெருக்கடி நிலையின்போது, எழுபத்தாறில், உளவுப் பிரிவுக்காரர் ரங்கன், போலீஸ் சட்டை போடாமல் தினமும் இந்த ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்காருவார். அவர் யார் என்பது ஊருக்கே தெரியும், தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். போலீஸ் தேடிக்கொண்டிருந்த சென்னியப்பன் அப்போது பரமத்தி வேலூரில் ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீட்டில் ஒளிந்திருந்தார். வெற்றிலை ஏற்றப்போன டிரைவர் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

"அன்னைக்கே ரங்கன் வந்தான். டீ வாங்கிக் குடுத்தேன். பேச்சோட பேச்சாச் சொல்லிப்போட்டேன். கெடுக்கோணும்னு சொல்லலை சாமி. உங்கப்பனை அப்ப எனக்குச் சரியாத் தெரியக்கூடத் தெரியாது. ஊருல நடக்கறதெல்லாம் எனக்குத் தெரியும்னு காட்டிக்கற புத்தி. மறுநாளே புடிச்சுட்டாங்க."

பெரியநாயகி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நாப்பது நாளுங்க மாமா, சேலம் ஜெயில்ல. வந்து வாசல்ல நின்னப்ப எங்கம்மாவுக்கே அடையாளந் தெரியலை. யாருங்க வேணும்னு கேட்டுச்சு."

அவர் கிழித்துப் போட்ட துண்டுகளைப் பொறுக்கிக் குவித்தார்.

"அதுக்குப் பரிகாரமாத்தான் என்னையப் பொண்ணு கேட்டு வந்தீங்களா?"

"படி ஏறினப்ப அப்பிடித்தான்" என்றார் சின்னுசாமி. "நீ காப்பியைக் குடுத்துட்டு, சக்கரை பத்தலைன்னாச் சொல்லுங்க, எங்கம்மாவுக்குக் கை சின்னதுன்னு சொன்ன பாரு. அதுக்கப்பறம் பரிகாரமெல்லாம் மறந்துபோச்சு. இந்தப் புள்ளை நம்ம ஊட்டுக்கு வரோணும்னு மட்டும்தான் இருந்துச்சு."

அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. வயிற்றுக்குள் குழந்தை புரண்டது. மூன்றும் அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டுப் பேசினாள்.

"நாளைக்கு மல்லசமுத்திரம் போலாமுங்க. இதை நீங்கதான் சொல்லோணும். நான் சொன்னா அது கோள் சொன்னதாப் போயிரும். அப்பா என்ன சொன்னாலும் கேட்டுக்குங்க. அவரு வரமாட்டேன்னுட்டா, நான் இங்கயே பெத்துக்கறேன். ஆனா அவருக்குத் தெரியாம வச்சுக்கிட்டு அந்தக் கட்டுச்சோத்தை என்னால திங்க முடியாது."

மறுநாள் வேலுசாமி கார் ஓட்ட, திருச்செங்கோட்டைத் தாண்டி மல்லசமுத்திரம் போய்ச் சேர்ந்தார்கள். சென்னியப்பன் வீட்டுக் கூடத்தில், ஆணியில் அந்த மாலை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சம்பந்தியைக் கண்டதும் அவர் மாலைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார், மறைக்கிற மாதிரி.

"வாங்க, வாங்க. உக்காருங்க. தண்ணி கொண்டா பாவாயி."

"தண்ணி அப்பறம். மொதல்ல அந்தக் காகிதத்தை நீங்கதான் கொண்டுபோய்க் குடுத்தீங்களான்னு சம்பந்திகிட்டச் சொல்லுங்க" என்றாள் பெரியநாயகியின் தாய் பாவாயி, சமையலறை வாசலில் நின்றபடி. "அஞ்சு நாளாக் கேக்கறேன், மீசையைத் தடவறாரே தவிர வாயைத் திறக்கலை."

சென்னியப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "நான் அதைக் கண்ணுல பாத்தது மேடையிலதானுங்க. சம்பந்திங்கறதால அவனுங்களே நெனைச்சுக்கிட்டானுங்க. இல்லைன்னு சொல்றதுக்குள்ள மாலை போட்டுட்டானுங்க. மாலை போட்டப்பறம் எப்படிச் சொல்றது?"

"அந்த மாலைக்கு நான்தான் கழுத்தைக் குடுத்தேனுங்கப்பா" என்றாள் பெரியநாயகி. "அந்த ஊட்டுல ஒரு வாரமா என்னை வேவு பாக்க வந்தவளாட்டப் பாத்தாங்க."

சென்னியப்பன் மகளைப் பார்த்தார். மாலையை ஆணியிலிருந்து எடுத்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போட்டுவிட்டு வந்தார். "அது எனக்குத் தோணலை கண்ணு. சத்தியமாத் தோணலை."

பிறகு சின்னுசாமி சொன்னார். ரோஸ் காகிதம் போன கதையைச் சொன்னபோது பாவாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கொடிக்கால் கதைக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. சின்னுசாமி எதையும் சுற்றி வளைக்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்ததைக்கூட விடவில்லை.

சென்னியப்பன் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். வெகுநேரம் வரவில்லை. கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. தொட்டி நிறைந்து வழிந்த பிறகும் இறைத்துக்கொண்டிருந்தார். பெரியநாயகி கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வளர்ந்த வீட்டில் அவளுக்கு அவ்வளவு பயமாக ஒருநாளும் இருந்ததில்லை.

ஈரக் கையோடு வந்தவர் சம்பந்தியைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துச் சொன்னார். "ஞாயித்துக்கெழமெ சோறு கட்டிக்கிட்டு வாரேன் அம்மிணி. ஏழு வகையும் வரும். ஆனா உங்க மாமனாருகூட நான் பேச மாட்டேன். அதையும் அவருகிட்டச் சொல்லிரு."

இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த சின்னுசாமி தலையை ஆட்டினார்.

சனிக்கிழமை கமிட்டிக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, காகிதம் தம் ஆபீசிலிருந்து தம் கையெழுத்தோடு தாமே அனுப்பியதுபோல் போனதைச் சொன்னார். "என்ற மருமவளைப் பேசினவங்க இப்ப என்னையப் பேசுங்க" என்றார். ஃபைலில் தம் பேர் இருக்கிறது, அதைத் திறக்கட்டும், எம்.எல்.ஏ.வுக்கும் அப்படியே சொல்லிவிட்டேன் என்றார். எம்.எல்.ஏ. அதற்குப் பதில் அனுப்பவில்லை. கமிட்டி அன்றைக்கே வேறு ஒன்றியச் செயலாளரைத் தேர்ந்தெடுத்தது. ராஜினாமாச் செய்தவர்கூட ஓட்டுப் போட வந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு காரில் சோறு வந்தது. புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சை, எள்ளு, தக்காளி, தயிர், சர்க்கரைப் பொங்கல். சம்பந்திகள் இருவரும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தார்கள், முறை அப்படி. பேச்சு மட்டும் பெரியநாயகி வழியாகப் போனது.

"புளிச்சோறு நல்லா இருக்குதுன்னு உங்கப்பாகிட்டச் சொல்லு சாமி."

"இன்னுங் கொஞ்சம் வெச்சுக்கச் சொல்லு அம்மிணி."

"வயசாச்சு, புளி சேராதுன்னு சொல்லு."

"வேற எதெதோ சேருது, புளி மட்டும் சேராதாமான்னு கேளு."

பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். சின்னுசாமியும் சிரித்தார். சென்னியப்பன் சிரிக்கவில்லை, ஆனால் சம்பந்தி இலையில் பொங்கல் தீர்ந்ததைப் பார்த்துப் பரிமாறுகிறவனைக் கண்ணால் அழைத்தார். ஆத்தாயி மருமகளின் காதோரம், "உன்றபாடு கோர்ட்டு குமாஸ்தா வேலையாப் போச்சு" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் கிளம்பவேண்டும். தலை நிறையப் பூவும் கை நிறைய வளையலுமாகப் பெரியநாயகி காரில் ஏறினாள். வேலுசாமி பெட்டியை வைத்தான், வைத்த பெட்டியை நகர்த்தி மறுபடி வைத்தான். அவனுக்கு அங்கேயே நிற்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சென்னியப்பன் முன் சீட்டில் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சின்னுசாமி ஜன்னலோரம் வந்து குனிந்தார். "சாமி, உங்கப்பாகிட்டக் கேளு. கொழந்தை பொறந்தா, நானு பாக்க அங்க வரலாமான்னு."

பெரியநாயகி முன்னால் இருந்த தந்தையின் பின்னங்கழுத்தைப் பார்த்தாள். ஜெயிலிலிருந்து வந்த நாளில் அந்தக் கழுத்து எவ்வளவு மெலிந்திருந்தது என்பது அவளுக்கு நினைவிருந்தது. இந்தக் கேள்வியைத் தன் வாயால் கடத்திவிடக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

"எனக்கு மூச்சு வாங்குதுங்க மாமா" என்றாள். "நீங்களே கேளுங்க. அப்பா பக்கத்துலதான இருக்காங்க."

சின்னுசாமி இரண்டடி எடுத்து வைத்து முன் ஜன்னலுக்குப் போனார். கேட்கவேண்டியதை அவரால் கேட்க முடியவில்லை. மேல்துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். டிரைவர் சாவியைத் திருப்பாமல் காத்திருந்தான். ஆத்தாயி, பாவாயி, பந்தியில் இருந்த உறவுகள் எல்லோரும் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்.

சென்னியப்பன் தம் பக்கத்துக் கண்ணாடியை முழுதாக இறக்கினார். பிறகு, முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

"வரலாமுங்க."